ஐந்து பேர் வீட்டுக்கு வாரம் 3,400 ரூபாய் மளிகை, காய்கறி: எங்கே குறைக்கலாம்?

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் நான், மனைவி, எட்டாவதும் நான்காவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அம்மா. வாடகையிலும் ஸ்கூல் ஃபீஸிலும் கை வைக்க முடியாது. அதனால் சாப்பாட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். வாரத்துக்குச் சராசரியாக 3,400 ஆகிறது. 2,500 பக்கம் கொண்டுவர வேண்டும். ஆனால் பிள்ளைகள் தட்டில் குறை தெரியக் கூடாது.

பிரித்துப் பார்த்தது இது. மாதச் சாமான் வாரத்துக்கு 1,100. காய்கறி 650. பால் தினம் ஒரு லிட்டர், 420. ஞாயிற்றுக்கிழமை கறி 450. பழம் 200. எல்லாம் கூட்டினால் 2,820 தான் வருகிறது. மீதி 580 எங்கே போகிறதென்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

சாமான் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மாதம் ஒரு தடவை மொத்தமாக வாங்குகிறோம். ஆஃபர் பார்த்துத்தான் எடுக்கிறோம். எந்தக் கடைக்கு மாறினால் குறையும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதாணி (மதுரை)

அண்ணா, காய்க்கு 650 என்றால் வாசலுக்கு வருகிற வண்டியிலும் சூப்பர் மார்க்கெட் ஏசி ரேக்கிலும் வாங்குகிறீர்கள் போல. மதுரையில் இருந்துகொண்டு உழவர் சந்தைக்குப் போகாமல் இருக்கலாமா? தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை நம் அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். மாட்டுத்தாவணி மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, தெருக்கடை விலைக்குக் கீழே நிற்கும்.

விடியற்காலையில் போக வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம். எட்டு மணிக்கு மேல் போனால் கீரையும் நாட்டுக் காயும் தீர்ந்து, முட்டைக்கோஸும் சவ்சவ்வும்தான் முறைத்துக்கொண்டு கிடக்கும்.

இன்னொன்று. காய் வாங்க மட்டும் லிஸ்ட் எழுதாதீர்கள். எது மலிவோ அதுதான் அந்த வாரக் குழம்பு. வீட்டிலிருந்தே "பீன்ஸ், கேரட், காலிஃபிளவர்" என்று முடிவு செய்துவிட்டுப் போனால் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டுத்தான் வருவீர்கள். முருங்கைக்காய் மழைக்காலத்தில் யானை விலை, பங்குனி, சித்திரையில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் வாழைக்காய், தேங்காய் பக்கமே போகக் கூடாது.

கணக்குப்பிள்ளை (திருச்சி)

தம்பி, நீங்கள் கேட்டது எந்தக் கடை என்று. நான்கு கடை ஏறி இறங்கி மாதச் சாமானில் பத்து சதவீதம் குறைத்தாலும் வாரத்துக்கு 110 ரூபாய்தான் மிச்சம். பெட்ரோலுக்கே சரியாகப் போகும். கண்ணுக்குத் தெரியாமல் போகிற அந்த 580-ஐ முதலில் பிடியுங்கள்.

பில் போட்டு வாங்குகிற செலவு எப்போதும் ஒரு கட்டுக்குள் இருக்கும். மாதச் சாமானுக்கும் மாதச் சாமானுக்கும் நடுவில் 40, 65, 120 என்று ஸ்கேன் செய்து கொடுக்கிறோமே, அதுதான் அடங்காது. நோட்டுப் போட்டு எழுதச் சொன்னால் யாரும் எழுதப் போவதில்லை. போனில் பணம் அனுப்பிய ஹிஸ்டரியைத் திறந்து, கடைப் பெயர் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் யார் யார் போனிலிருந்து போகிறதோ அத்தனையும் பார்க்க வேண்டும்.

தாம்பரம்வாசி (சென்னை)

கணக்குப்பிள்ளை சார் சொன்னதற்கு நானே சாட்சி. எங்கள் வீட்டில் அது பத்து நிமிடத்தில் வருகிற ஆப். கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்காகத் திறப்போம். இலவச டெலிவரிக்கு இன்னும் 90 ரூபாய்க்கு வாங்கு என்று காட்டும். சரி என்று ஒரு சிப்ஸ், ஒரு ஐஸ்கிரீம் சேரும். கடைசியில் ஹேண்ட்லிங் கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம். ஆஃபர் விலையைப் பார்த்தால் தெருக்கடையைவிடக் குறைவாகத்தான் தெரியும், அதில் பொய் இல்லை. வாங்க நினைக்காததை வாங்க வைத்துத்தான் அவன் சம்பாதிக்கிறான்.

ஆப்பை எடுக்கவில்லை, கார்டு விவரத்தை மட்டும் அதிலிருந்து அழித்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணை அடிக்க வேண்டியிருப்பதால் பாதி ஆர்டர் சோம்பேறித்தனத்திலேயே நின்றுபோனது.

வைகைக்கரை

சார் சொன்னபடி இரண்டு போனையும் பார்த்தோம். 580 கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்துவிட்டது. இட்லி மாவு பாக்கெட் வாரம் 150. சாயங்காலம் பப்ஸ், சமோசா, அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற பருத்திப்பால் எல்லாம் சேர்ந்து 160. ஆப்பில் "அவசரத்துக்கு" வாங்கியது 170. பாக்கெட் சிப்ஸ், டப்பா ஜூஸ் 100.

பருத்திப்பாலை நிறுத்தினால் அம்மா என்னோடு பேச மாட்டார். மற்றதைப் பார்க்கலாம். மாவு வீட்டில் அரைத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

மருதாணி

மாவில் நல்ல மிச்சம் இருக்கிறது அண்ணா. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம் ஊறப்போட்டு கிரைண்டரில் அரைத்தால் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ மாவு வரும். நீங்கள் 150 கொடுத்து வாங்குவதே மூன்று பாக்கெட்தான். ரேஷன் புழுங்கல் அரிசி போட்டால் அரிசிக்குக் காசே இல்லை, உளுந்துக்கு 35 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அரிசியில் சோறு பிடிக்காதவர்கள் வீட்டில்கூட இட்லி பூப்போல வரும். உளுந்தைத் தனியாக, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்க அரைக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

சாவிக்கொத்து (கோவை)

எல்லாம் சரி. அரைப்பது யார்?

கோபமில்லாமல்தான் கேட்கிறேன். இந்த மாதிரிக் கேள்விக்கு வருகிற பதிலில் பாதி இப்படித்தான் இருக்கும். மாவை வீட்டில் அரை, மசாலாவை வீட்டில் வறு, வத்தல் போடு, விடியற்காலை சந்தைக்குப் போ. ஆறு மணிக்கு எழுந்து டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு ஆபீசில் பஞ்ச் வைக்கிற பெண் தலையில் இந்த வேலை எல்லாம் விழுந்து, "ஆயிரம் மிச்சம் பிடித்தோம்" என்று வீட்டுக்காரர் பெருமை பேசுவார். பாக்கெட் மாவு 150 ரூபாய் என்றால், அது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் கிடைக்கிற விலை. அதை வெட்டுவதற்கு முன்னால் அவளிடம் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை

மேடம் சொல்வது நியாயம். எங்கள் வீட்டில் கிரைண்டர் என் பொறுப்பு. ரிட்டயர்ட் ஆனபிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

வைகைக்கரை

கேட்டாயிற்று. ஊறப்போடுவது அவள், அரைத்துக் கிரைண்டரைக் கழுவி வைப்பது நான் என்று ஒப்பந்தம். கல்லைக் கழுவுவதுதான் வேலையே என்று இப்போதுதான் தெரிகிறது. சந்தைக்கும் நானே போகிறேன், நடைப்பயிற்சிக் கணக்கில்.

ரேஷன் விஷயம் கேட்க வேண்டும். எங்கள் கார்டில் என்பிஎச்எச் என்று இருக்கிறது. முன்னுரிமை இல்லை என்று அர்த்தமாம். அரிசி கிடைக்காது என்று யாரோ சொல்லி, அந்தப் பக்கமே போகவில்லை.

தெப்பக்குளம் (மதுரை)

யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முன்னுரிமையற்ற கார்டுக்கும் அரிசி உண்டு. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம்தான். என்பிஎச்எச்-எஸ் என்று கடைசியில் எஸ் இருந்தால் அது சர்க்கரைக் கார்டு, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை. என்சி என்று முடிந்தால்தான் எந்தப் பொருளும் இல்லாத வெறும் அடையாளக் கார்டு.

உங்கள் கார்டுக்குத் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ கணக்கில் அதிகபட்சம் இரண்டு கிலோ. கோதுமை வேண்டுமென்றால் அரிசியில் கழித்துக்கொண்டு அதையும் இலவசமாகக் கொடுப்பார்கள், இருப்பைப் பொறுத்து. வெளியில் இதே பருப்பு, எண்ணெய், சர்க்கரைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று பில்லில் பாருங்கள். மாதம் இருநூறு ரூபாய்க்குக் குறையாமல் வித்தியாசம் வரும், அதுவும் அரிசியைச் சேர்க்காமல். சில மாதம் துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு போடுவார்கள். ருசி கொஞ்சம் மாறும், கூட்டுக்கும் பருப்பு உருண்டைக்கும் நன்றாகவே இருக்கும்.

ஒரே நாளில் எல்லாம் கிடைத்துவிடாது, அது பெரிய ரோதனை. பருப்பும் எண்ணெயும் எப்போது வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் போனுக்கு மெசேஜ் வரும். வாங்காத பொருளும் அதில் இருந்தால் 1967-க்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

தாம்பரம்வாசி

தக்காளி ஞாபகம் இருக்கிறதா? 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டிப் போனபோது சென்னையில் ரேஷன் கடையிலேயே கிலோ 60-க்கு விற்றார்கள். அதுவரை ரேஷன் கடை எந்தத் தெரு என்று தெரியாதவர்கள்கூட வரிசையில் நின்றார்கள், நான் உட்பட.

அண்ணாச்சிகடை (விருதுநகர்)

நான் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கடை மலிவு என்று கேட்டதால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

சர்க்கரை, எண்ணெய், துவரம் பருப்பு இந்த மூன்றிலும் எந்தக் கடைக்காரனுக்கும் பெரிய லாபம் நிற்காது. இந்த விலைதான் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும். அதனால் பெரிய கடைகள் இதை அசலுக்கோ அதற்குக் கீழேயோகூடப் போட்டு வாசலில் போர்டு வைக்கும். உள்ளே போனதும் மசாலாத்தூள், பிஸ்கட், சேமியா, ஹெல்த் டிரிங்க், ஷாம்பு என்று கை போகும். நிற்கிற லாபம் அதில்தான். ஆகவே, ஆஃபருக்காகப் பெரிய கடைக்குப் போகிறவர் ஆஃபர் போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஜெயித்தார். அப்படி வருகிறவரை நான் பார்த்ததில்லை.

எங்களைப் போன்ற கடையில் தேவையான அளவு வாங்கலாம். நூறு கிராம் சோம்பு, ஐம்பது கிராம் மிளகு. பெரிய கடையில் மலிவாக இருக்கிறதென்று அரைக் கிலோ சோம்பு வாங்கி, வாசனை போய்க் குப்பையில் கொட்டினால் அது எந்த மலிவு? அதே சமயம் கடன் நோட்டு வைத்து வாங்காதீர்கள். என் வியாபாரத்துக்கு விரோதமாகத்தான் சொல்கிறேன். நோட்டில் எழுதி வாங்குகிறவர் விலை கேட்பதே இல்லை.

பாக்கெட்டில் இப்போது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். அதைப் பாருங்கள். எண்ணெயில் இது ரொம்ப முக்கியம். ஒரு லிட்டர் எண்ணெய் என்றால் எடை 910 கிராம். பார்க்க லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், திருப்பினால் 850 மில்லி, 800 கிராம் என்று இருக்கும். பத்து ரூபாய் குறைவு என்று எடுத்துப் போவார்கள், உள்ளே சரக்கும் குறைவு. "பெரிய பாக்கெட்தான் மலிவு" என்பதும் எப்போதும் உண்மையில்லை. சின்ன பாக்கெட்டில் கிராம் விலை குறைவாக இருக்கிற பொருள்களை நானே விற்கிறேன்.

அரிசிக்கு ஒரு விஷயம். 2022 ஜூலை 18-லிருந்து, 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. 25-க்கு மேல் போனால் கிடையாது. அதற்காகத்தான் சந்தையில் 26 கிலோ மூட்டை வந்தது. கிலோ 60 ரூபாய் அரிசியில் 25 கிலோவுக்கு வரி மட்டும் 75 ரூபாய். உதிரியாக அளந்து வாங்கினாலும் வரி இல்லை.

மருதாணி

அண்ணாச்சி, எண்ணெய் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? நாங்கள் எப்போது வாங்கி வைப்பது?

அண்ணாச்சிகடை

பாமாயில், சூரியகாந்தி, சோயா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில் வருவது. 2024 செப்டம்பரில், சுத்திகரிக்காமல் வருகிற இந்த மூன்று சமையல் எண்ணெய்க்கும் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதம் ஆக்கினார்கள், தீபாவளிக்கு முன்னால் விலை எகிறியது. 2025 மே கடைசியில் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். இதையெல்லாம் முன்கூட்டிப் பிடிக்க நம்மால் ஆகாது. எண்ணெயை வாங்கிக் குவித்தால் சிக்கு வாடைதான் வரும். பருப்பு, மிளகாய், புளி வேறு. அதற்கு அறுவடைக் காலம் இருக்கிறது. பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று வருமே, மூட்டை விலை, டின் விலை, அதை வாராவாரம் ஒரு கண் பார்த்து வையுங்கள். அங்கே இறங்கியது உங்கள் தெருவுக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். ஏறினால் மட்டும் மறுநாளே வந்துவிடும்.

சாவிக்கொத்து

எண்ணெயில் விலையைவிட அளவைப் பாருங்கள். டயட்டீஷியன்கள் பொதுவாகச் சொல்வது ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். பெரும்பாலான வீட்டில் இதற்கு இரண்டு பங்கு போகிறது. எங்கள் வீட்டில் எண்ணெய்த் தூக்கிலிருந்து நேரே சட்டியில் ஊற்றுவதை நிறுத்தி, ஒரு குழிக்கரண்டியை அதற்கென்றே வைத்தோம். மாத அளவை முதல் தேதியே தனி பாட்டிலில் எடுத்து வைத்துவிடுவோம். இருபதாம் தேதிக்கு மேல் அப்பளம் சுடப்படும், பொரிக்கப்படாது. செக்கு எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை என்கிறவர்களுக்கும் இது வழி. பாதி அளவு வாங்கினால் நல்லெண்ணெயே வாங்கலாம்.

நெல்லைச்சீமை (திருநெல்வேலி)

எல்லாரும் வாரக் கணக்கு பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் பழைய வீடுகளில் கணக்கு வருசத்துக்கு. புளி மாசி, பங்குனியில் புதுசு வரும். அப்போது வருசத்துக்கும் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்துவிடுவோம். மிளகாயும் மல்லியும் அதே சமயம்தான். ராமநாதபுரம் குண்டு மிளகாய், சாத்தூர் சம்பா எதுவானாலும் காம்போடு வாங்கி, சித்திரை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மில்லில் கொடுத்துத் திரித்தால் குழம்புத்தூள் மாதக் கணக்கில் வரும். பாக்கெட் மசாலா நூறு கிராம் விலையைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

உளுந்தில் வெள்ளை உருட்டு உளுந்தே வேண்டும் என்று நிற்காதீர்கள். தொலி உளுந்து விலை குறைவு. ஊறவைத்துக் கழுவினால் தோல் போய்விடும், கொஞ்சம் இருந்தாலும் தோசைக்கு வாசனை. எங்களுக்கு உளுந்தஞ்சோறும் அதில்தான்.

கோடையில் கத்தரி, கொத்தவரை, மோர் மிளகாய் வத்தல் போட்டு வைத்தால் ஐப்பசி மழையில் காய் விலை ஏறும்போது வாரம் இரண்டு நாள் வத்தக்குழம்பு ஓடும்.

சாவிக்கொத்து

@நெல்லைச்சீமை ஐயா, அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, பால்கனியில் துணி காயவே இடமில்லை. மிளகாயை எங்கே காயப்போடுவது? போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் தும்மலுக்கு யார் பதில் சொல்வது? அப்புறம் வருசச் சாமான் வாங்க மொத்தமாகப் பத்துப் பதினைந்தாயிரம் கையில் வேண்டும். மாதச் சம்பளத்தில் இருக்கிறவர்களுக்கு அது கடன். கடனுக்கு வட்டி கட்டி மலிவுப் புளி வாங்குவதில் அர்த்தமில்லை.

நெல்லைச்சீமை

வாஸ்தவம்தான் தாயி. எல்லாவற்றையும் ஒரே வருசத்தில் தொடங்கச் சொல்லவில்லை. புளி மட்டும் இந்த வருசம். அடுத்த வருசம் மிளகாய், மல்லி. வெயில் இல்லாதவர்கள் காய்ந்த சரக்காக வாங்கி நேரே மில்லுக்கே கொண்டுபோகலாம், அங்கேயே வறுத்துத் திரித்துக் கொடுக்கிறார்கள்.

தெப்பக்குளம்

மதுரைக்காரர்களுக்கு: கீழமாசி வீதியில் மொத்தக் கடைகளிலேயே ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கொடுக்கிறார்கள். நாங்கள் எங்கள் காம்பவுண்டில் நாலு வீடு சேர்ந்து துவரை, உளுந்து, கடலைப் பருப்பு எடுத்து வந்து பிரித்துக்கொள்கிறோம். மாட்டுத்தாவணியில் தக்காளியும் அப்படித்தான், பெட்டியாக எடுத்தால் நாலு வீட்டுக்குச் சரியாக வரும். ஒரு வீடாக வாங்கினால் கடைசி இரண்டு கிலோ அழுகிவிடும். எடை போட்டுப் பிரிக்கிற வேலையை ஒரே ஆளிடம் விடுங்கள், இல்லையென்றால் தக்காளியைவிடச் சண்டைதான் அதிகம் அழுகும். பாண்டியன் கூட்டுறவு அங்காடியையும் ஒரு தடவை பாருங்கள், சில பருப்பு வகை விலை நியாயமாக இருக்கிறது.

வைகைக்கரை

நாலு வீடு யோசனை நன்றாக இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதாவது வழி சொல்லுங்கள். அரைக் கிலோ ஆட்டுக்கறி 450. ஐந்து பேருக்கு அது போதவும் போதாது. ஆனால் கறி இல்லாத ஞாயிறு என்றால் பெரியவன் முகம் சுருங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை

பெரியவன் முகத்துக்காக மாதம் ஒரு ஞாயிறு ஆட்டுக்கறி. ஒரு ஞாயிறு கோழி. ஒரு ஞாயிறு மீன். ஒரு ஞாயிறு முட்டை. 1,800 ஆகிற இடத்தில் ஆயிரத்துக்குள் முடியும். முட்டையை மட்டமாக நினைக்க வேண்டாம், ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஆறேழு ரூபாய்க்கு வேறு எதில் அவ்வளவு கிடைக்கும்? நாமக்கல் பண்ணை விலை தினமும் பேப்பரில் வருகிறது. புரட்டாசியில் பாதி ஊர் விரதம் இருப்பதால் முட்டையும் கோழியும் இறங்கும், மார்கழிக் குளிருக்கு ஏறும். விரதம் இல்லாத வீட்டுக்குப் புரட்டாசிதான் திருவிழா.

மருதாணி

மீனுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை போகாதீர்கள் அண்ணா. கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை கேட்கவே பயமாக இருக்கும். அந்த இரண்டு மாதம் ஜிலேபிக் கெண்டை, கட்லா மாதிரி டேம் மீன் வாங்கலாம். மற்ற நாளில் சாளை, நெத்திலி. முள் எடுத்துக் கொடுக்கிற பொறுமை இருந்தால் சாளை மாதிரி மலிவும் சத்தும் கிடையாது.

ஆட்டுக்கறி எடுக்கிற ஞாயிறு அரைக் கிலோவையே குழம்பாக வைத்து, உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ போடுங்கள். சுக்கா வறுவல் என்று போனால் ஆளுக்கு நாலு துண்டில் முடிந்துவிடும்.

தாம்பரம்வாசி

பால் பற்றி யாரும் சொல்லவில்லையே. லிட்டர் 60 என்றால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், 6 சதவீதக் கொழுப்பு. நீலம் 3 சதவீதம், லிட்டருக்கு இருபது ரூபாய் வரை குறைவு. காபி, டீக்கு ஆரஞ்சு அரை லிட்டர், தயிருக்கும் பிள்ளைகள் குடிக்கவும் நீலம் அரை லிட்டர் என்று மாற்றினாலே வாரம் எழுபது ரூபாய் மிச்சம். மாத அட்டை கிடைக்கிறதா என்றும் டிப்போவில் கேளுங்கள். 2022 நவம்பரில் ஆரஞ்சைக் கடையில் 60-க்கு ஏற்றியபோதே அட்டைக்காரர்களுக்கு 46 என்றுதான் வைத்திருந்தார்கள்.

சாயங்காலத் தீனிக்குப் பச்சைக் கடலையை அவித்துக் கொடுங்கள். இல்லையென்றால் தட்டைப்பயறு சுண்டல். பப்ஸ் கேட்டு அழுகிற பிள்ளை இரண்டு நாள் அழும்.

சாவிக்கொத்து

மூன்று நாள்.

வைகைக்கரை

எங்கள் வீட்டில் இன்னும் அழுகிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் பப்ஸ் என்று ராசியாகிவிட்டோம்.

பருப்புச் செலவைப் பார்த்தேன். தினமும் சாம்பார், மாதம் நாலரைக் கிலோ துவரை போகிறது. ரேஷன் ஒரு கிலோ போக மீதி வெளியில்தான்.

மருதாணி

தினமும் சாம்பார் எதற்கு? வாரத்தில் மூன்று நாள் பருப்பில்லாத குழம்பு வையுங்கள். கத்தரிக்காய் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, பூண்டுக்குழம்பு, தொட்டுக்கொள்ள ஒரு கூட்டோ முட்டையோ. சாம்பார் வைக்கிற நாளிலும் பாதி துவரை, பாதி பாசிப்பருப்பு போடலாம். பாசிப்பருப்பு சீக்கிரம் குழையும், கேஸும் மிச்சம். மொச்சை, தட்டைப்பயறு போட்டுக் குழம்பு வைத்தால் அன்றைக்குக் காயும் வேண்டாம், பருப்பும் வேண்டாம்.

வியாழக்கிழமை வந்தால் புதிதாக எதுவும் வாங்காமல் ஃப்ரிட்ஜில் இருப்பதை வைத்துச் சமைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஒரு கேரட், அரை பீட்ரூட், நாலு பீன்ஸ் இருந்தால் அவியல் மாதிரி ஒன்று. பிள்ளைகள் அதற்கு "மிச்சம் மீதி கூட்டு" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வைகைக்கரை

கீழமாசி வீதியில் பக்கத்து வீட்டோடு சேர்ந்து பத்து கிலோ துவரை எடுத்திருக்கிறேன், எங்கள் பங்கு ஐந்து. புளியும் வாங்கிவிட்டேன். போன வருசம் வாங்கிய பருப்பில் வண்டு விழுந்து பாதி போனது. எப்படி வைத்தால் தாங்கும்?

நெல்லைச்சீமை

பருப்பை முதலில் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறினபிறகு டப்பாவில் போடுங்க. சூட்டோடு மூடினால் வேர்த்து, அதிலேயே வண்டு வரும். மாடியில் வெயில் இல்லையென்றால் வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டினால் போதும். கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசிறி வைக்கலாம், சமைக்கும்போது கழுவினால் போய்விடும். எண்ணெய் வேண்டாமென்றால் இரண்டு துண்டு வசம்பு, இல்லையென்றால் காய்ந்த மிளகாய் ஏழெட்டு உள்ளே போடுங்க. ஐந்து கிலோவையும் ஒரே டப்பாவில் வைக்காதீங்க, தினமும் திறக்கிற டப்பா வேறு, சேமிப்பு டப்பா வேறு. ஈரக் கரண்டி ஆகவே ஆகாது. புளியில் உப்பு இருப்பதால் எவர்சில்வர், அலுமினியம் எதிலும் வைக்க வேண்டாம், அரித்துவிடும். பீங்கான் ஜாடி, இல்லையென்றால் மண் பானை. அடியில் ஒரு பிடி கல்லுப்பு, மேலே ஒரு பிடி.